அலைக்கூந்தலுக்குச் சென்னிமலை ஈரிழைத் துண்டு

இயல்பிலேயே அலையலையாக வளரும் நீண்ட கூந்தலுக்கு மின்கருவிகளும் பசைகளும் வாங்குவதற்கு முன்னால், சென்னிமலைக் கைத்தறிக் கடைகளில் கிடைக்கும் பருத்தி ஈரிழைத் துண்டைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பது என் கருத்து. பூத்துவாலையின் நூல் வளையங்கள் நனைந்த முடியில் சிக்கி அதைப் பிசிறச் செய்கின்றன. மெல்லிய நெசவுடைய இந்தத் துண்டில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. தேய்க்காமல், நுனியிலிருந்து மேல்நோக்கி ஒற்றியெடுத்து, முக்கால்வாசி உலர்ந்தபின் தளர்வாகப் பின்னிவிட்டால் வேலை முடிந்தது. முடியின் புரத இழைகளை ஒன்றோடொன்று இணைக்கும், நீர் பட்டதும் அவிழும் ஹைட்ரஜன் பிணைப்புகள் முடி உலரும்போது மீண்டும் உருவாவதால், பின்னலின் வளைவு அடுத்த தலைக்குளியல் வரையிலும் ஓரளவு தங்குகிறது. சூடோ மின்சாரமோ தேவையில்லை. சொட்டச் சொட்டப் பின்னினால் மட்டும், காலைவரை உள்முடி காயாமல் வாடை வீசும்.

மைக்ரோஃபைபர் துண்டுகளும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அவை பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால், ஒவ்வொரு சலவையிலும் நெகிழி நுண்ணிழைகளை நீரில் விடுகின்றன. பருத்தியோ மட்கிவிடும்.

குறைகளும் உண்டு. கஞ்சி போகும்வரை புதுத்துண்டு நீரைச் சரியாக உறிஞ்சாது. அடர்நிறக் கரையில் சாயம் இறங்கக்கூடும், வெள்ளையே மேல். இடுப்பைத் தொடும் கூந்தலுக்கு இரண்டு துண்டுகள் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று அடிக்கும் பொள்ளாச்சிப் பக்கத்தில், எந்தத் துண்டால் துவட்டினாலும் தலையை விரித்துப்போட்டு மொட்டைமாடியில் உலர்த்தினால் சிக்குதான் மிஞ்சும்.