மடிப்புக்குள் போன மோசே: காரைக்குடியில் விற்கும் ஒரு கேன்வாஸ் பிரின்ட்

பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான் 1633–34இல் வரைந்த ‘பொன் கன்றுக்குட்டி வழிபாடு’ லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் கேன்வாஸ் பிரின்ட் காரைக்குடிப் பழம்பொருள் கடை ஒன்றில், ரவி வர்மா படங்களுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் நடுவே, 36க்கு 24 அங்குலத்தில் கிடைக்கிறது. துணி நல்ல கனம், நிறத்திலும் குறையில்லை. கோளாறு அளவில்தான்.

மூலப்படம் 211.8 செ.மீ. அகலம், 153.4 செ.மீ. உயரம். அந்தக் கணக்கில் 36 அங்குல அகலத்துக்கு 26 அங்குல உயரம் வரவேண்டும். இரண்டு அங்குலத்தை மேலும் கீழுமாக வெட்டிவிட்டார்கள். வானமும் தரையும்தானே, போகட்டும். ஆனால் சட்டத்தில் இழுத்து அடிக்கும்போது பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் படத்தையே மடித்திருக்கிறார்கள். விவிலியக் கதைப்படி, இஸ்ரவேலரின் தலைவர் மோசே கடவுளின் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை வாங்க சீனாய் மலைக்குப் போயிருந்தபோது, மக்கள் பொன் கன்று செய்து வணங்கி ஆடினார்கள். இடது கோடியில், மலையிலிருந்து இறங்கி, அதைக் கண்ட கோபத்தில் அந்தப் பலகையை உடைக்க ஓங்கும் மோசே பாதி அந்த மடிப்பில் மறைந்துவிட்டார்.

மோசே இல்லாவிட்டால் இது வெறும் திருவிழாப் படம். உயரப் பீடம், மேலே காளை, முன்னால் கைகோத்து ஆட்டம்; நம் ஊர்க் கண்ணுக்கு நந்தி உற்சவம்தான். இருட்டில் அவரைக் கண்டபிறகே அந்த ஆட்டம் வயிற்றைக் கலக்கும். ஆட்டக்காரர்களும் இரவல்தான்: பூசான் தன்னுடைய மதுக்கூத்துப் படம் ஒன்றின் கூட்டத்தை இடவலம் மாற்றி இங்கே இறக்கியிருக்கிறார். கண்டிக்க வந்த கூத்தை இவ்வளவு அழகாக வரைந்துவைத்ததில்தான் படத்தின் விஷமமே இருக்கிறது.

கூடத் தரும் விளக்க அட்டையை நம்ப வேண்டாம். கன்றைக் கைகாட்டி நிற்கும் வெள்ளை அங்கிக்காரரை மோசே என்கிறது. உண்மையில் அவர் மோசேயின் அண்ணன் ஆரோன். விவிலியத்தின் யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தின்படி மக்களின் பொன் காதணிகளை வாங்கிக் கன்றை வார்த்தவர். குற்றவாளிமேல் வெளிச்சம், தட்டிக்கேட்க வருகிறவர்மேல் இருட்டு.

வாங்குவதானால் 36க்கு 26 என்று சொல்லி, மடிப்புக்குச் சுற்றிலும் இரண்டு அங்குலம் வெறுந்துணி விடச் சொல்லுங்கள். மொத்தத் துணி 40க்கு 30. பழைய வீட்டின் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரில் ஆணி அறைந்தால் பூச்சு பெயர்ந்துவிடும். டிரில்லில் சுத்தியல்போல் இடிக்கும் இயக்கத்தை நிறுத்திவிட்டு, மெதுவாக ஓட்டிச் செங்கல்வரை துளையிட்டு, திருகாணியைப் பிடிக்கும் பிளக் வைக்க வேண்டும். முற்றத்து வெயிலும் சாரலும் எட்டாத உள்சுவர் நல்லது. கண்ணாடி போடாதீர்கள், இருண்ட இடது பக்கம் முகம் பார்க்கத்தான் உதவும். விளக்கையும் ஆரோன் பக்கம் திருப்பாமல் இடது பக்கம் சாய்த்து வையுங்கள்.