சென்னையோட அடுத்த வறட்சிக்கு எந்தத் தண்ணி கை கொடுக்கும்? கடல், கழிவுநீர், ஏரி, கிருஷ்ணா

2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட காஞ்சு போனப்போ, மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) சப்ளையை 525 எம்எல்டிக்கு இறக்கிட்டாங்க (ஒரு எம்எல்டின்னா ஒரு நாளைக்கு பத்து லட்சம் லிட்டர்). ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்தது ஞாபகம் இருக்கும். 50 வேகன், ஆனா ஒரு ட்ரிப்புக்கு வந்தது 25 லட்சம் லிட்டர், அதாவது வெறும் 2.5 எம்எல்டி.

ஏன் அப்படி ஆச்சுன்னு புரிய ஒரு சின்ன கணக்கு போதும். அந்த நாலு ஏரியும் விளிம்பு வரைக்கும் ரொம்பினாலும் சுமார் 11.25 டிஎம்சிதான் (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி). ஒரு நாளைக்கு 1,000 எம்எல்டி செலவாகுதுன்னா 28 நாள்ல ஒரு டிஎம்சி காலி. வெயில்ல ஆவியா போறதையும் சேர்த்தா, முழுசா ரொம்பின ஏரிங்க கூட ஒரு வருஷம் தாங்காது. 2018 ஐப்பசி, கார்த்திகை மழை பொய்ச்சுது, அடுத்த ஆனிக்குள்ள கதை முடிஞ்சுது, அவ்வளவுதான். அதனால ஒவ்வொரு ஆப்ஷனையும் நான் முதல்ல ஒரே கேள்வி வெச்சுதான் பார்க்கறேன்: ரெண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாத்தினா அப்பவும் இந்தத் தண்ணி வருமா? அதுக்கு அப்புறம்தான் செலவு, கரன்ட், யாருக்கு பாதிப்பு எல்லாம்.

இந்தக் கேள்வியில முதல்லயே அடிபடறது வெளியூர்த் தண்ணி. ஆந்திராவோட போட்ட 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணால இருந்து வருஷத்துக்கு 12 டிஎம்சி வரணும், 1996-ல வர ஆரம்பிச்சுது, ஆனா பெரும்பாலான வருஷம் அந்த 12 வந்ததே கிடையாது. கண்டலேறுல இருந்து பூண்டி வரைக்கும் 177 கிலோமீட்டர் கால்வாய், வழியில இருக்கற விவசாயிகளுக்கும் தண்ணி வேணும்ல, அவங்க வயல் காயறப்போ நம்ம பங்கை மட்டும் தொடாம விடுங்கன்னு எப்படி கேக்கறது. வீராணமும் அப்படித்தான், 2004-ல இருந்து 180 எம்எல்டி பைப்லைன் நமக்கு பெரிய உதவி, ஆனா மேட்டூர் காஞ்சா அதுவும் காயும், அது டெல்டாக்காரங்க பாசனத் தண்ணி வேற. வந்தா வாங்கிக்கலாம், நம்பி பிளான் போட முடியாது.

அடுத்து கடல் தண்ணி, மழைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கறது பெரிய பிளஸ். மீஞ்சூர்ல 2010-லயும் நெம்மேலியில 2013-லயும் ஆளுக்கு 100 எம்எல்டிக்கு உப்பு நீக்கற பிளான்ட் வந்தது, 2024-ல நெம்மேலியிலயே இன்னொரு 150, இப்போ பேரூர்ல 400 எம்எல்டிக்கு சுமார் 4,276 கோடி ரூபாய்ல வேலை. 2019-ல மீஞ்சூரும் நெம்மேலியும் இல்லாம இருந்திருந்தா நிலைமை இன்னும் எவ்வளவு மோசமா போயிருக்கும்னு நினைச்சா பயமா இருக்கு, அதனால இந்த பிளான்டே வேண்டாம்னு சொல்றவங்களோட என்னால சேர முடியல. ஆனா கரன்ட்டைப் பாருங்க. ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு, அதைப் பிரிக்க மெம்பிரேன்ங்கற மெல்லிய சவ்வு வழியா 60 பார் அளவு பிரஷர்ல தள்ளணும், ஆயிரம் லிட்டர் எடுக்க மூணரை நாலு யூனிட் ஆகும். பேரூர் முழுசா ஓடினா ஒரு நாளைக்கு 14, 16 லட்சம் யூனிட். அதுபோக உள்ள இழுக்கற தண்ணியில பாதிக்கு மேல கிட்டத்தட்ட டபுள் உப்போட திரும்ப கடலுக்கே போகுது, கரை அரிக்குதுன்னு நெம்மேலி பிளான்ட் பக்கத்துல இருக்கற சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவங்க பல வருஷமா சொல்லிட்டு இருக்காங்க, அதை யாரும் காதுல போட்டுக்கறதா தெரியல.

இதுக்கு நேர் போட்டின்னு நான் நினைக்கறது கழிவுநீர்தான், ஆனா இதைப் பத்திதான் ரொம்ப கம்மியா பேசறோம். வீட்டுக்கு 100 லிட்டர் வந்தா சுமார் 80 லிட்டர் குளிச்சு துவைச்சு திரும்ப சாக்கடைக்கு போகுது. மழை வந்தாலும் வராட்டியும் வந்துட்டே இருக்கும். சப்ளை குறைஞ்சா இதுவும் குறையும், அது உண்மைதான், ஆனா பூஜ்யம் ஆகாது. உப்பு கடலை விட பல மடங்கு கம்மிங்கறதால பிரஷர் கம்மி, ஆர்ஓ கரன்ட் செலவு பாதிக்கும் கீழ. இது ஏதோ எதிர்காலத்துல வரப்போற டெக்னாலஜி இல்ல, 2019-லயே கொடுங்கையூர்லயும் கோயம்பேடுலயும் தலா 45 எம்எல்டி பிளான்ட் போட்டு, மணலி பக்கமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் கம்பெனிகளுக்கு தண்ணி போகுது. கம்பெனி பாய்லருக்கும் கூலிங் டவருக்கும் இந்தத் தண்ணி போனா, அந்த அளவுக்கு நல்ல தண்ணி வீடுகளுக்கு மிச்சம், யாரும் ஒரு டம்ளர் கூட குடிக்க வேண்டியது இல்ல. ஆனா ரெண்டும் சேர்ந்து 90 எம்எல்டிதான், நகரத்துல சேர்ற கழிவுநீர் அதை விட பல மடங்கு. மீதியில பெரும்பகுதி கூவம், அடையாறு மாதிரி நீர்நிலைகளுக்கு போகுது.

எனக்கு வயித்தெரிச்சலே இங்கதான். ஆயிரம் லிட்டருக்கு நாலு யூனிட் செலவு பண்ணி கடல்ல இருந்து எடுத்த தண்ணியை ஒரே ஒரு தடவை பாத்திரம் கழுவிட்டு கூவத்துல விடறோம், அதே தண்ணியை திரும்ப எடுத்தா அடுத்த கடல் பிளான்ட்டே தேவைப்படாம போகலாம். அருவருப்பா இருக்குன்னு சொல்றவங்களை நான் குறை சொல்லல, ஆனா நமீபியாவுல விண்ட்ஹோக் நகரம் 1968-ல இருந்து சுத்தம் பண்ண கழிவுநீரை குடிதண்ணியில கலந்துட்டு இருக்கு. நாம அவ்வளவு தூரம் கூட போக வேண்டாம், சிங்கப்பூர் மாதிரி நல்லா சுத்தம் பண்ணி ஏரியில விட்டு அங்கிருந்து மறுபடி சுத்திகரிச்சு எடுக்கலாம். கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு, ஃபேக்டரி கழிவு வீட்டுக் கழிவோட கலக்கவே கூடாது, தினசரி டெஸ்ட் ரிசல்ட்டை எல்லாரும் பார்க்கற மாதிரி போடணும். அது இல்லாம பண்ணா ஜனங்க நம்ப மாட்டாங்க, நம்பவும் கூடாது.

கடைசியா ஏரியும் நிலத்தடியும். சென்னை கார்ப்பரேஷன் எல்லை 426 சதுர கிலோமீட்டர், வருஷ மழை சராசரி 1,400 மில்லிமீட்டர், பெருக்கிப் பார்த்தா சுமார் 21 டிஎம்சி, நாலு ஏரி கொள்ளளவைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. முழுசையும் பிடிக்க முடியாது, ஆனா 1,000 சதுர அடி மொட்டை மாடியில விழறதே வருஷத்துக்கு 1.3 லட்சம் லிட்டர், பத்து பதினோரு லாரி தண்ணி. பெரும்பகுதி மூணு மாசத்துல கொட்டிடுது, சம்ப்ல வெச்சுக்க முடியாது, தரைக்குள்ளதான் இறக்கணும். 2003-ல மழைநீர் சேகரிப்பை கட்டாயம் ஆக்கினப்போ போர்வெல்ல தண்ணி ஏறினதை பல ஏரியாவுல கண்ணால பார்த்தாங்க. இப்போ மழைநீரை இறக்கற அந்தக் குழிங்க பாதி செத்துக் கிடக்கு, ஏன்னா மேல இருக்கற மணல்ல இலையும் தூசியும் படிஞ்சு பாலாடை மாதிரி மூடிக்குது, புரட்டாசிக்குள்ள மேல் மணலை சுரண்டி மாத்தலைன்னா தண்ணி இறங்காம தெருவுக்குத்தான் வரும். எங்க தெருவுல ஒரு பழைய வீட்டுக்காரங்க மாடி பைப்பை ஒரு தொட்டியில வடிகட்டி நேரா கிணத்துல விடறாங்க, பக்கத்து போர்களுக்கும் சேர்த்து அந்தக் கிணறுதான் உயிர்.

இதுல ஒரு வீக்னஸ் இருக்கு, மறைக்க விரும்பல. முதல் வருஷ வறட்சியை நிலத்தடி தாங்கும், ரெண்டாவது வருஷம் தாங்காது, மீஞ்சூர் பக்கம் மாதிரி அளவுக்கு மீறி உறிஞ்சினா கடல் உள்ள வந்துடும், அப்புறம் இனிப்பாக்கறது ரொம்ப கஷ்டம். ஆனா 2015 டிசம்பர் மாதிரி வெள்ளத்தையும் சேர்த்து தாங்கறது இந்த லிஸ்ட்ல இது மட்டும்தான், கடல் பிளான்ட் ஒரு சொட்டு வெள்ளத்தையும் வாங்கிக்காது.

அதனால என் வரிசை இது: பேரூரை முடிங்க, அதோட புதுசா கடல் பிளான்ட் போடறதை நிறுத்துங்க. அடுத்து ஒதுக்கற பெரிய பணம் இன்னொரு 300 எம்எல்டி கழிவுநீரை ஆர்ஓ தரத்துக்கு கொண்டு போகவும், அதுக்கான தனி பைப்லைனுக்கும் போகட்டும். ஏரி தூர் வாரறது, குழி பராமரிக்கறது எல்லாம் வருஷா வருஷம் ஆடிக்குள்ள முடிக்கற வேலை, அதுக்கு தனி பட்ஜெட் போடணும், ஸ்பெஷல் திட்டம்னு வெச்சா ஒரு வருஷத்தோட நின்னுடும். கரன்ட் முழுக்க சோலார், காத்தாலைல இருந்து சல்லிசா வந்து, உப்புக் கழிவுக்கும் ஒரு நல்ல வழி பிறந்தா கடலை ரெண்டாவது இடத்துல இருந்து முதலிடத்துக்கு மாத்த எனக்கு ஆட்சேபணை இல்ல, இன்னிக்கு நிலவரத்துக்கு கழிவுநீர்தான் முதல்.