உறிஞ்சுவதா, வெட்டி எடுப்பதா? ஆண் மார்பக அறுவையில் இரு வழிகள்

ஆண்களுக்கு மார்பு பெருத்துக் காணும் கைனகோமாஸ்டியாவுக்கு அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தாலே, எதில் தழும்பு தெரியாது என்பதுதான் வேலூர்ப் பக்கத்து இளைஞர்களின் முதல் கேள்வியாக இருக்கிறது. அதற்கு முன் கேட்க வேண்டியது, உள்ளே இருப்பது கொழுப்பா, சுரப்பியா என்பதே. மல்லாந்து படுத்த நிலையில், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கங்களிலிருந்தும் காம்பை நோக்கி மெல்ல நகர்த்தும்போது, காம்புக்கு அடியில் ரப்பர் வில்லை போன்ற ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. விரல்கள் தடையின்றிக் கூடிவிட்டால் பெரும்பாலும் வெறும் கொழுப்பு.

கொழுப்பு மட்டும் என்றால் லைப்போசக்‌ஷனே போதும். மரப்பு மருந்தும், இரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த உப்புநீரைச் செலுத்திய பின், 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளை வழியே குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். அக்குள் வரை பரவிய கொழுப்பையும் மேடு பள்ளமின்றிச் சமன்செய்ய இது உதவுகிறது. ஆனால் நார்த்தன்மை ஏறிய சுரப்பி அந்தக் குழாய்க்கு எளிதில் வசப்படாது. துளை சிறியது என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தேர்ந்தெடுத்தால், வீக்கம் வடிந்த பிறகு, பனியனுக்கு மேலும் காம்பு மட்டும் முன்தள்ளி நிற்க, மறுபடியும் மேசையில் படுக்க நேரிடலாம்.

வெட்டி எடுக்கும் முறையில், 1946இல் வெப்ஸ்டர் என்ற அறுவை மருத்துவர் விவரித்தபடி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பை ஒட்டி அரைவட்டமாகக் கீறுகிறார்கள். கருமையும் மாநிறமும் சந்திக்கும் கோட்டில் தழும்பு பெரும்பாலும் மறைந்துவிடும். தழும்பு தடிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். இதில் இரத்தக்கட்டுக்கான வாய்ப்பு கூடுதல். ஆசைப்பட்டு முழுவதையும் சுரண்டினால் காம்பு கிண்ணம் போலக் குழிந்துவிடும் என்பதால், அதன் அடியில் சிறிது திசுவை விட்டுவைப்பதில்தான் மருத்துவரின் கை தெரியும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்ப முடிவது இம்முறையின் சிறப்பு.

கொழுப்பும் சுரப்பியும் கலந்திருப்போருக்கு இரண்டையும் ஒரே அமர்வில் செய்துகொள்வதே சரி என்பது என் கருத்து. தோல் தொங்கிப்போயிருந்தால் அதையும் குறைக்க வேண்டிவரும். அப்போது தழும்பு நீளும்.

பருவ வயதுப் பையன்களுக்கு அவசரம் வேண்டாம். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே வடிந்துவிடும். ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போடுபவர்கள் அதை நிறுத்தாமல் அறுவை செய்துகொண்டால், எஞ்சிய திசு மீண்டும் வளரக்கூடும். ஒரு பக்கம் மட்டும் கல் போன்ற கட்டி இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகே மற்றவை.

எந்த வழியானாலும், நான்கு முதல் ஆறு வாரங்கள் மார்பை இறுக்கும் உடுப்பைத் தொடர்ந்து அணிய வேண்டும். கல்லூரி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் நாள் குறித்தால், 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கத்திரி வெயிலில் அந்த உடுப்புக்குள் வியர்க்குரு பொரிந்து, இரண்டாம் வாரமே கழற்றி எறியத் தோன்றும். மார்கழியோ தையோ நல்லது.