வாட்ச் லேட்டரா, பிளேலிஸ்டா, கூகுள் ஷீட்டா? ரவிக்கை தைக்கக் கற்பவளின் கணக்கு

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூர் தேக்கா சென்டர் மாடியில் தைக்கக் கொடுக்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் நிற்க அலுத்துப்போய், இனி என் ரவிக்கையை நானே தைப்பேன் என்று கிளம்பினேன். ஆறு மாதத்தில் யூடியூபில் சேர்த்து வைத்த வீடியோக்கள் 200ஐத் தாண்டின. தைத்த ரவிக்கை ஒன்றே ஒன்று, அதிலும் இடது கை வலது கையைவிட ஏறி நின்றது.

முதலில் வாட்ச் லேட்டர், யூடியூபிலேயே இருக்கும் 'பிறகு பார்க்கலாம்' பட்டியல். செங்காங்கில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்குவதற்குள் பத்து வீடியோவைத் தட்டித் தட்டிப் போட்டுவிடலாம், அவ்வளவு சுலபம். அதுதான் வம்பே. 5,000 வீடியோ வரை கொள்ளும் என்பதால் எதையும் கழிக்கத் தோன்றாது. டார்ட் (துணியில் பிடிக்கும் மடிப்புத் தையல்) பிடிப்பதற்கும் மகனின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) கணக்குக்கும் நடுவில் சம்பல் சமையல் வீடியோ ஒன்று உட்கார்ந்திருக்கும். ஈசூனில் இருக்கும் அக்காவுக்கு இந்தப் பட்டியலை அப்படியே அனுப்பவும் முடியாது, அது எப்போதும் உங்களுக்கு மட்டும்தான்.

வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மளிகைச் சாமான் பட்டியலுக்கு அடியில் போய்விடும்.

பிளேலிஸ்ட் எவ்வளவோ தேவலை, ஆனால் பெயர் வைக்கும் விதம் முக்கியம். நான் முதலில் சேனல் வாரியாகப் பிரித்தேன், அது வீண்வேலை. அப்புறம் வேலை வாரியாக மாற்றினேன்: அளவெடுப்பது, வெட்டுவது, கழுத்து, கை, கடைசியாகப் பட்டியும் ஹூக்கும். வரிசையை இழுத்து மாற்றலாம், அக்காவுக்கு இணைப்பை அனுப்பலாம், அவளும் தன் பங்குக்குச் சேர்க்கலாம். இரண்டு குறை உண்டு. நாற்பது நிமிட வீடியோவில் எனக்கு வேண்டியது மூன்று நிமிடம்தான், அது எங்கே இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்தால் தெரியாது. இன்னொன்று, போட்டவர் வீடியோவை நீக்கிவிட்டால் தலைப்பும் சேர்ந்தே போய்விடும். என்ன தொலைந்தது என்றுகூட நமக்குத் தெரியாது.

கூகுள் ஷீட் பார்க்க ஆபீஸ் வேலை மாதிரி இருக்கும், ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். மேலிருந்து கீழாக நான்கே பத்திகள் போட்டேன்: என் சந்தேகம், வீடியோ தலைப்பு, இணைப்பு, தைத்துப் பார்த்தேனா. கணினியில் வீடியோ மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தோடு இணைப்பை நகலெடுக்கலாம். 12 நிமிடம் 34 விநாடி என்றால் இணைப்பின் கடைசியில் 754 என்று விநாடிக் கணக்கு வரும், தொட்டால் நேராக அங்கேயே போய் நிற்கும். இதைவிடப் பெரிய லாபம் முதல் பத்திதான். "ஈஸி பிளவுஸ் கட்டிங் பகுதி 7" என்ற தலைப்பை வைத்து எதைத் தேடுவது? "கைக்குழியில் சுருக்கம் ஏன் விழுது" என்று என் வார்த்தையில் எழுதி வைத்திருந்தால் 'சுருக்கம்' என்று தேடினாலே கிடைத்துவிடுகிறது. சந்தேகத்தை எழுத வரவில்லை என்றால் அந்த வீடியோவைச் சேர்ப்பதே இல்லை, அப்படித்தான் பாதி கழிந்தது.

ரயிலில் நின்றபடி ஷீட்டில் தட்டச்சு செய்வது கொடுமை. அதனால் போனில் பார்ப்பது பிளேலிஸ்டுக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதிலிருந்து தேறியது மட்டும் ஷீட்டுக்கு.

நோஷன் என்ற குறிப்பெடுக்கும் செயலியையும் விடவில்லை. அழகுதான், மறுக்கவில்லை. இரண்டு மாலைப்பொழுது நிறம் தேர்ந்தெடுத்தேன், தையல் மெஷின் உறையைக் கழற்றவே இல்லை. இணைப்புகளைச் சேமித்து வைக்கும் பாக்கெட் செயலியை நம்பியவர்களுக்கு 2025 ஜூலை 8ஆம் தேதி கடையை மூடிவிட்டார்கள். ஷீட்டைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

200இல் மிஞ்சியது இப்போது 34. கை ஏறிய அந்த ரவிக்கையைக் காட்டச் சொல்லி அக்கா விடாமல் கேட்கிறாள், இப்போதைக்கு ஷீட் இணைப்பை மட்டும் அனுப்பியிருக்கிறேன்.