டி.ஏ.பி. 1 மூட்டையா, சூப்பர் 3 மூட்டையா?

டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்) உரத்துக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் வேளாண் துறை சொல்லும் மாற்று ஒன்றுதான்: 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 1 மூட்டை யூரியாவும். இது கட்டுபடியாகுமா?

50 கிலோ டி.ஏ.பி.யில் தழைச்சத்து (நைட்ரஜன்) 9 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 23 கிலோ. விலை ₹1,350. அதே சத்துக்கு 16% மணிச்சத்துள்ள சூப்பர் பாஸ்பேட் 144 கிலோவும் யூரியா 20 கிலோவும் போதும். 45 கிலோ யூரியா மூட்டை ₹266.50 என்பதால் 20 கிலோவுக்கு ஏறக்குறைய ₹118 ஆகும். ₹1,350-ல் மீதியைச் சூப்பருக்குப் பங்கிட்டால் 50 கிலோ மூட்டைக்கு ₹428 வருகிறது. கடை விலை அதைத் தாண்டினால், மணிச்சத்துக்கு மட்டும் பார்ப்பவருக்கு டி.ஏ.பி.யே மலிவு. ஆனால் சூப்பரோடு 16 கிலோ கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகின்றன, டி.ஏ.பி.யில் அவை இல்லை. கந்தகம் தேவைப்படும் நிலக்கடலை, எள், சூரியகாந்திக்கு நான் சூப்பரைத்தான் சொல்வேன். முழு மூட்டை யூரியாவையும் அடியுரமாகக் கொட்டினால் தழைச்சத்து 20 கிலோவைத் தாண்டும். கடலை கொடி ஓடும், காய் பிடிக்காது.

ஆலைப் பக்கம் கதை வேறு. இந்தியாவுக்கு வேண்டிய டி.ஏ.பி.யில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. பாரதீப், காக்கிநாடா, தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களில் தயாராவதற்கும் பாறை பாஸ்பேட்டோ பாஸ்பாரிக் அமிலமோ வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். 2010 ஏப்ரல் முதல் அரசு மானியம் ஒரு கிலோ சத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்படுகிறது. விற்பனை விலையோ ₹1,350-ஐத் தாண்ட விடப்படுவதில்லை. உலகச் சந்தையில் விலை ஏறினால் அந்த இடைவெளி நிறுவனத்தின் தலையில் விழுகிறது. இறக்குமதி சுணங்குகிறது, விதைப்பு நேரத்தில் கடை காலியாகிறது. 2024-ல் அரசு டன்னுக்கு ₹3,500 சிறப்புத் தொகை கொடுக்க வேண்டி வந்தது இதனால்தான்.

சூப்பர் ஆலைக்கு முதலீடு குறைவு. பாறை பாஸ்பேட் தூளோடு கந்தக அமிலம் சேர்த்தால் போதும். ராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் பாறை வெட்டுகிறார்கள், அமிலம் துத்தநாக உருக்காலைகளில் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. ஆனாலும் பாறையில் பெரும்பகுதி எகிப்து, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து வருவதுதான். சூப்பரை முழுச் சுதேசி உரம் என்று சொல்வது சரியல்ல.

அதன் பெரிய பலவீனம் லாரி வாடகை. 20 டன் லோடில் டி.ஏ.பி. என்றால் 9.2 டன் மணிச்சத்து போகும். சூப்பர் என்றால் 3.2 டன்தான். ஆலையிலிருந்து தூரம் கூடக் கூட லாபம் கரையும். அடுத்தது தரம். உற்பத்தியானதைக் கிடங்கில் குவித்து 2, 3 வாரம் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு மூட்டை கட்டினால் எஞ்சிய அமிலம் சாக்கை அரிக்கும், உரம் கட்டி தட்டும்.

வாங்குபவர் கவனிக்க ஒன்று: சூப்பரையும் யூரியாவையும் முதல் நாளே கலந்து வைக்காதீர்கள். சூப்பரில் உள்ள பாஸ்பேட் உப்பு பிடித்து வைத்திருக்கும் நீரை யூரியா வெளியே தள்ளிவிடும். காலையில் பார்த்தால் குவியல் சேறாகக் கிடக்கும். வரப்பில் வைத்துக் கலந்து, உடனே இறைத்துவிடுங்கள்.