எண்ணும் எழுத்தும்: இரண்டாம் வகுப்பின் முதல் பருவம் குறித்து ஒரு பெற்றோரின் மதிப்புரை

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு முதல் பருவம் தொகுத்தறி மதிப்பீட்டோடு முடிந்திருக்கிறது. அவள் கையிலிருந்த பயிற்சி நூல்களையும் இந்த நான்கு மாதங்களில் அவள் கற்றுக்கொண்டதையும் வைத்து, 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைப் பற்றி மற்றப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. வகுப்பறையில் உட்காராமலேயே மேல்வகுப்புக்கு வந்துவிட்ட குழந்தைகளின் கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு முதல் மூன்று வகுப்புகளுக்கும் இத்திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கியது.

குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட அதற்கு என்ன தெரியும் என்பதை முதலில் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் பாடத்தைத் தொடங்குவதே இத்திட்டத்தின் மிகச் சிறந்த அம்சம் என்பேன். எழுத்துகளே பிடிபடாத பிள்ளையைப் பத்தி படிக்கச் சொல்லி விழிக்க வைக்கும் கொடுமை இதில் இல்லை. என் மகள் கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாட்டில் தடுமாறி, 'கோடு' என்று சொன்னால் 'கொடு' என்றே எழுதிவந்தாள். ஆசிரியை அதைத் திருத்தி எழுதச் சொல்வதோடு விட்டுவிடாமல், கொடி–கோடி, தொடு–தோடு எனச் சொற்களை இணையிணையாக வாய்விட்டுச் சொல்லவைத்து, நெடிலை இழுத்து ஒலிக்கவைத்த பிறகே எழுத வைத்தார். இப்போது காதில் விழும் ஒலிக்கேற்பக் கை எழுதுகிறது.

கணக்கில் எனக்கு மனநிறைவு இன்னும் அதிகம். நாங்கள் படித்த காலத்தில் கழித்தலில் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்பார்கள். ஏன் வாங்குகிறோம் என்று கேட்கத் தோன்றியதில்லை. இவளோ ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைத்திருக்கிறாள். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், நான்கு கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் எடுத்துவைத்து, ஏழைத் தர உதிரி போதாது என்பதால் ஒரு கட்டைப் பிரிக்கிறாள். பன்னிரண்டு உதிரியில் ஏழு போக ஐந்து, மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு, ஆக விடை 25. பத்துகளும் ஒன்றுகளும் என்ற இடமதிப்பு அவள் விரல்களுக்கே தெரிந்துவிட்டது.

ஆங்கிலம் பாடல்களோடும் எளிய சொற்களோடும் நின்றுவிடுகிறது. இந்த வயதுக்கு அது போதும்.

குறை என்று எனக்குப் படுவது, பயிற்சித்தாள்கள் எடுத்துக்கொள்ளும் இடம். கோடிட்ட இடத்தை நிரப்புவதும் படத்தோடு சொல்லை இணைப்பதும் தேவைதான். ஆயினும் தான் கண்டதைப் பற்றித் தானாகவே இரண்டு வரி எழுதிப் பார்க்கக் குழந்தைக்கு இன்னும் கூடுதல் பக்கங்கள் வேண்டும். மதிப்பீடுகளைச் செயலியில் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் எழுப்பிவரும் முறையீடும் நியாயமானதே. ஓரிரு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் பள்ளிகளில் மூன்று நிலைகளுக்கும் தனித்தனியே கவனம் தருவது எளிதன்று. நூல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆள் இல்லாமல் பாடம் நடக்காது.

இவ்வளவையும் கணக்கில் கொண்டே, அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கத் தயங்குவோருக்கு இதை நான் முழுமனத்தோடு பரிந்துரைக்கிறேன். ஏற்கெனவே சேர்த்திருப்பவர்கள், மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்குப் போக எதில் தடை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இரண்டாம் பருவம் டிசம்பரோடு முடிந்துவிடும் என்பதால், அக்டோபரிலேயே கேட்பது நல்லது.