மே மாதத்து நட்சத்திரங்கள்

வரைபடச் செயலியில் காட்டும் நட்சத்திரத்தை நம்பி இராமேஸ்வரத்தில் சாப்பாட்டுக் கடையைத் தேர்ந்தெடுக்கலாமா என்று மதுரை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பல ஆண்டுகளாக அதில் மதிப்புரை எழுதி வருபவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வழி காட்டுவதில் பெரிய குறையில்லை. என்னை விடாமல் எரிச்சலூட்டுவது அந்த நட்சத்திரங்களின் சராசரி எண்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்க, நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் மீன் மட்டுமே ஏலத்துக்கு வருவதால் விலை ஏறிவிடும். பள்ளி விடுமுறைக் கூட்டம் பாம்பனைத் தாண்டி வருவதும் அதே நாள்களில்தான். தனுஷ்கோடிச் சாலையோரம் மீன் பொரிக்கும் கடையில் ‘ஐஸ் மீன், விலை கொள்ளை’ என்று எழுதி, ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆவணியில் அங்கே அன்றைக்குப் பிடித்த பாறை மீனைச் சாப்பிடும் உள்ளூர்க்காரரோ செயலியைத் திறப்பதே இல்லை. கடைக்காரர் மே மாதத்து மதிப்பை மார்கழி வரை சுமக்கிறார். மாதவாரியாகப் பிரித்துக் காட்டினால் இந்த அநியாயம் பாதி தீர்ந்துவிடும்.

இன்னொரு பக்கம், நேற்றுத் திறந்த கடை, உரிமையாளரின் உறவினர்கள் போட்ட ஐந்தாறு முழு மதிப்பெண்களோடு மேலே வந்து நிற்கிறது. வாக்குகள் குறைவாக இருந்தால் அவற்றை அந்த அளவுக்கே நம்ப வேண்டும் என்பதற்கான கணக்கைப் புள்ளியியல் அறிஞர் எட்வின் வில்சன் 1927இலேயே வகுத்துவிட்டார். ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளம் கருத்துகளை வரிசைப்படுத்த 2009இல் அதை எடுத்துக்கொண்டது. மதிப்பிடுபவருக்கும் ஒரு பொறுப்பு வேண்டும்: நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலை எதிர்த்து வாக்களிப்பவர் தம் புள்ளியில் ஒன்றை இழக்கிறார். வரைபடச் செயலியிலோ எதை எழுதினாலும் எழுதியவருக்குப் புள்ளி கூடுகிறது. என் பெயருக்குப் பக்கத்தில் மின்னும் பதக்கமும் அப்படிச் சேர்ந்ததுதான், அதற்காக யாரும் என்னை நம்ப வேண்டியதில்லை.

ஆகவே நண்பரே, சராசரியைப் பார்க்காதீர்கள். புதியவற்றை முதலில் வரச் செய்து, தேதியைப் பார்த்துப் படியுங்கள். இவ்வளவு திட்டிய பிறகும் செயலிக்கு ஐந்தில் நான்கு தருகிறேன், ஏனென்றால் உச்சிப்புளியில் ஒரு சந்துக்குள் இருக்கும் பஞ்சர் கடையை இரவு பத்து மணிக்கு எனக்குக் காட்டிக் கொடுத்தது அதுதான்.